வீட்டுக்கடன் நாட்கள்

2025 மே 12, திங்கள்

சிபில் மதிப்பெண் 641. வீட்டுக்கடன் ஃபைலை வங்கியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மே 13, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, நம் கடன்களைக் கணக்கு வைத்து மதிப்பெண் போடும் சிபிலின் தளத்தில் முழு அறிக்கையை இறக்கினேன். வருஷத்துக்கு ஒன்று இலவசம். நாமே எடுத்துப் பார்த்தால் மதிப்பெண் குறையாது என்று வங்கியில் அந்தப் பெண் சொல்லித்தான் அனுப்பினாள்.

என் கணக்குகளில் ஒரு குறையும் இல்லை. ஸ்கூட்டர் லோன் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கார்டில் பாக்கி கிடையாது. கடைசிப் பக்கத்தில்தான் அது இருந்தது. வாகனக் கடன், என் பெயருக்கு எதிரே ‘கேரண்டர்’. வாங்கியது மாமா, அக்காவின் கணவர்; ஜாமீன் கையெழுத்து என்னுடையது. அதன் கீழே மாதத்துக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் தவணை எத்தனை நாள் தள்ளிப்போனது என்ற கணக்கு. 2020 ஆகஸ்ட் வரை 000, 000, 000. தவணையைத் தள்ளிவைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்த ஆறு மாதம் அந்த ஆகஸ்டோடு முடிந்தது. பிறகு 030. 061. 091. கொஞ்ச நாள் சரியாகி, 2021 மே மாதம் மறுபடி 030, 060. கட்டத்துக்குக் கட்டம் விரலை வைத்துப் பார்த்தேன். இந்த 091 எந்த மாதம் என்று எனக்குத் தெரியும். மாமாவின் வண்டி ஷெட்டிலேயே நின்ற மாதம். அக்கா வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்த மாதம்.

அது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் அடியில் கடைசியாக 2022 மார்ச் கணக்கு: நிலுவை 38,412. தவணை தவறிய தொகை 38,412. இது பொய். அந்த ஏப்ரலிலேயே மாமா மொத்தத்தையும் கட்டி முடித்து வண்டியையும் விற்றுவிட்டார். கடன் முடிந்த செய்தியை ஃபைனான்ஸ்காரர்கள் மேலே அனுப்பவே இல்லை. மூன்று வருஷமாக என் தலையில் 38,412 ரூபாய் உட்கார்ந்திருக்கிறது.

மே 14, புதன்

அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது.

மே 17, சனி

புரோக்கர் வந்தார். “சிபில் கம்மியா இருந்தா என்னம்மா, நான் நாலு இடத்துல போட்டு முடிச்சுத் தர்றேன்” என்றார். நாலு இடத்தில் போட்டால் நாலு பேரும் என் அறிக்கையைக் கேட்பார்கள். யார் கேட்டார்கள், என்றைக்கு, எவ்வளவு கடனுக்கு என்பதெல்லாம் அதிலேயே ஏறும். இவளுக்கு யாருமே கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று ஐந்தாவது ஆள் நினைக்க அதுவே போதும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கணவருக்கு என்மேல் கோபம். அக்ரிமெண்டில் கிரயத்துக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 5 என்று போட்டிருக்கிறது, அட்வான்ஸ் இரண்டு லட்சம் போனால் யார் தருவார்கள் என்கிறார். நியாயமான கேள்விதான்.

மே 20, செவ்வாய்

ஹவுசிங் ஃபைனான்ஸ் ஆள் ஃபோனில் பேசினான். மரியாதையாகத்தான் பேசினான். 641-க்கும் தருவார்களாம். வட்டி பதினொன்றரை.

உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 20 லட்சம், 20 வருஷம். வங்கியில் எட்டு சதவீதத்துக்குக் கிடைத்தால் மாதம் 16,729. இவர்களிடம் 21,329. மாதத்துக்கு 4,600 ரூபாய் வித்தியாசம். 240 மாதத்துக்கு 11,04,000. வீட்டின் விலையே 27 லட்சம்தான். முதல் மாதம் கட்டும் 21,329-ல் 19,167 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 2,162.

இன்னொன்றும் இருக்கிறது. சம்பளம் 46,000. தவணை எல்லாம் சேர்ந்து அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். பாதி 23,000. ஸ்கூட்டருக்கு 2,900 போனால் மிச்சம் 20,100. பதினொன்றரை வட்டி என்றால் 20 லட்சமே கிடைக்காது. இல்லாதவரிடம்தான் அதிக வட்டி கேட்கிறார்கள், அந்த வட்டியைக் காட்டியே கடனையும் குறைக்கிறார்கள். இவர் வயரிங் வேலையில் கொண்டுவரும் பணத்துக்குக் கணக்கே கிடையாது. கையில் வாங்குவதை வருமான வரித் தாளில் காட்டியதில்லை. பதினைந்து வருஷமாக இந்த வீட்டு வாடகையைக் கட்டியது அந்தப் பணம்தான், வங்கிக்கு அது கண்ணில் படாது.

மே 28, புதன்

ஃபைனான்ஸ் கம்பெனியின் பழைய ஆபீஸ் காலி. புது இடத்தைத் தேடிப் போனால், “லோன் நம்பர் சிஸ்டத்துல வரலை மேடம், என்.ஓ.சி. காப்பி கொண்டாங்க” என்கிறார்கள். பணம் கட்டாதபோது மட்டும் வாரத்துக்கு மூன்று முறை என் நம்பர் சிஸ்டத்தில் வந்தது.

கடன் தீர்ந்தது என்று அவர்களே கொடுத்த சான்றுதான் என்.ஓ.சி. அது மாமாவிடம்தான் இருக்கும். அக்கா வீட்டுப் பீரோவில்.

ஜூன் 1, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். வீட்டை எப்போது காட்டப்போகிறாய் என்று கேட்டாள். லோன் வரட்டும் என்றேன். “உனக்கென்னடி, கவர்மெண்ட் எய்டட் ஸ்கூல் சம்பளம், கண்ண மூடிட்டுக் குடுப்பான்” என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் காய் நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்குக் கையெழுத்துப் போட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. நாளைக்குக் கேட்டாலும் போடுவேன். என் காலேஜ் ஃபீஸ் அக்காவின் தையல் மெஷினிலிருந்து வந்தது. இந்த அறிக்கையைப் பார்த்தால் அவள் முதலில் பார்ப்பது என் முகத்தை இல்லை, மாமாவின் முகத்தை. அதற்குத்தான் பயப்படுகிறேன்.

ஜூன் 6, வெள்ளி

ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போவை அரை சதவீதம் குறைத்துவிட்டது. இப்போது 5.50. பிப்ரவரியிலிருந்து இது மூன்றாவது குறைப்பு. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் சந்தோஷம். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டது, அவர்களுக்குக் குறையும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதையும் கணக்கில் எடுத்தால் பதினொன்றரை இன்னும் கசக்கிறது. வங்கியில்தான் வாங்க வேண்டும். எப்படியாவது.

ஜூன் 8, ஞாயிறு

மாமாவுக்கு ஃபோன் செய்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “சாயந்திரம் வர்றேம்மா” என்று வைத்துவிட்டார்.

ஆறு மணிக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் என்.ஓ.சி. ஜெராக்ஸ், கடைசித் தவணை ரசீது. அசல், வண்டி வாங்கினவருக்குப் போய்விட்டது. வண்டிமேல் கடன் இருக்கிறது என்ற ஹெச்.பி. பதிவை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேன்சல் செய்ய அது வேண்டுமே. ரசீதில் மை பாதி அழிந்துவிட்டது. தேதியும் தொகையும் தெரிகிறது.

“அக்காகிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல மாமா.”

“நானும் சொல்லல.” கவரை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். “கடைசித் தவணை கட்டறப்ப உன் பேருக்கும் ஒரு லெட்டர் குடுங்கன்னு கேட்டேம்மா. தேவையில்ல, தானா போயிரும்னான்.”

காபி போட்டுக் கொண்டுவருவதற்குள் கிளம்பிவிட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

புகார் பதிந்தாயிற்று. சிபில் தாங்களாக எதையும் மாற்ற முடியாது, கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் மாற்றுவார்கள். மொத்தம் 30 நாள். அதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். 30 தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் எனக்கு 100 ரூபாய் தர வேண்டும், 2024 ஏப்ரல் 26 முதல் அப்படி விதி. அந்த நூறு ரூபாய் எனக்கு வேண்டாம். தேதி ஆகஸ்ட் 5. ஃபைனான்ஸ் கம்பெனியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் ஆபீசருக்கும் பதிவுத் தபால் அனுப்பினேன். அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா செயினைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பத்திரச் செலவுக்கு. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 27 லட்சத்துக்கு 2,43,000. இந்தச் செலவைக் கடனில் சேர்க்க மாட்டார்கள். நகைக்கடனும் சிபிலில் ஏறும், இப்போது புதுசாக எதுவும் ஏறக் கூடாது அம்மா என்றேன். மறுபடி போட்டுக்கொள்ளச் சொன்னதும் கழுத்தில் கொக்கி மாட்ட வரவில்லை அவளுக்கு. நான்தான் மாட்டிவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

பதில் இல்லை.

ஜூலை 2, புதன்

ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் பேசினார். “நீங்க கேரண்டர்தானே மேடம், பார்ட்டியை வரச் சொல்லுங்க.” கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது. தவணை நின்றபோது பள்ளிக்கூட நம்பருக்கே கூப்பிட்டு, கேரண்டர் என்றால் கடன்காரர் மாதிரிதான், சேர்த்துத்தான் பொறுப்பு என்று எனக்குப் பாடம் எடுத்தீர்களே. அப்போது பொறுப்பு எனக்கு, இப்போது பதில் மட்டும் பார்ட்டிக்கா? இதை அப்படியே சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லி முடித்தேன். ரசீது எண்ணையும் கட்டிய தேதியையும் படித்துக் காட்டினேன். எழுதிக்கொண்டார்.

ஜூலை 9, புதன்

மெயில் வந்துவிட்டது! நிலுவை 0. கணக்கு முடிந்தது.

061-ம் 091-ம் அப்படியேதான் இருக்கின்றன. இருக்கட்டும். நடந்தது நடந்ததுதான்.

ஜூலை 17, வியாழன்

702. ஆடி பிறந்துவிட்டது.

ஜூலை 21, திங்கள்

வேறு வங்கி. ஒரே ஒரு வங்கி. மேனேஜர் வயதானவர், அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். அப்படிப் படிக்கிற ஆளை முதல் முறையாகப் பார்க்கிறேன். என்.ஓ.சி.யை வாங்கிப் பார்த்தார். “கேரண்டி போட்ட கடன், அதுவும் கொரோனா சமயம், இதை நான் குறிப்பில் எழுதி அனுப்புறேன்” என்றார். 750-க்கு மேல் இருந்திருந்தால் வட்டி இன்னும் குறையுமாம். எனக்கு 8.40. 30 லட்சம் வரைக்கும் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் தரலாம் என்பது விதி, ஆனால் வங்கி இன்ஜினீயர் போட்ட மதிப்பு 24 லட்சம், என் மதிப்பெண்ணுக்கு அதில் 75 சதவீதம்தான் தருவார்களாம். 18 லட்சம். மாதம் 15,507.

இரண்டு லட்சம் இடிக்கிறது. என் கணவருடைய சீட்டை எடுக்க வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

வக்கீல் 30 வருஷ வில்லங்கம் பார்த்தார். 1998-ல் ஒரு அடமானம். வீட்டுக்காரம்மாவின் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கியது, எப்போதோ கட்டியும் முடித்துவிட்டார். ரத்து ரசீதைப் பதியவில்லை. அது பதிவானால்தான் லீகல் ஒப்பீனியன் கொடுப்பேன் என்கிறார் வக்கீல். ஆக, இந்த வீட்டின் தலையிலும் முடிந்த கடன் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்காரம்மா அழுதுவிட்டார். “அவரு ஒரு பைசா பாக்கி வைக்க மாட்டாரும்மா.” எனக்குத் தெரியும் என்றேன். வேறு என்ன சொல்வது. நாளைக்கு அவரோடு சங்கத்துக்குப் போகிறேன். இந்த விஷயத்தில் எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஜூலை 31, வியாழன்

சங்கத்தில் பழைய லெட்ஜரைத் தேடி எடுத்துவிட்டார்கள். ரசீது பதிவாகிவிட்டது. ஆனால் ஆடியில் கிரயம் பண்ண மாட்டேன், ஆவணியில்தான் என்று வீட்டுக்காரம்மாவே சொல்லிவிட்டார். அக்ரிமெண்டின் பின்பக்கம் ஆகஸ்ட் 31 வரை நீட்டித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இத்தனை நாள் 5-ஆம் தேதி, 5-ஆம் தேதி என்று வயிற்றைக் கலக்கியதே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா சொல்லிவிட்டாள். பெருக்கு அன்றைக்கு வந்தவள் சாப்பிடாமல் கிளம்பினாள். “அவருகிட்ட கேட்ட, அம்மாகிட்ட சொன்ன. நான் யாருடி உனக்கு?”

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஃபோனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

எடுக்கவில்லை. மாமா எடுத்தார். “கோபம் என்மேலதாம்மா, உன்மேல இல்ல” என்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

சாங்ஷன் லெட்டர். ஒவ்வொரு வரியாகப் படித்தேன், இரண்டு தரம். மாறும் வட்டி, முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இல்லை. வருஷத்துக்கு ஒரு தவணை அதிகமாகக் கட்டிவிட வேண்டும். அசல் பத்திரங்கள் வங்கியில் இருக்கும், கடன் முடிந்து 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய். அந்த விதியை இந்த நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். கடன் முடியும்போது நான் ரிட்டயர் ஆகியிருப்பேன், மறந்துவிடக் கூடாது. சிபிலில் முடிந்ததாக ஏறியதா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும்.

கேரண்டர் என்ற இடம் காலியாக இருக்கிறது. யாரும் வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நிம்மதி.

ஆகஸ்ட் 18, திங்கள்

பத்திரப் பதிவுக்கு டோக்கன் கிடைத்துவிட்டது. புதன்கிழமை பத்தரை மணி. சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும். புரோக்கர் நான் ஒருத்தன் போடறேன், இன்னொருத்தரையும் கூட்டிட்டு வர்றேன் என்கிறார். ஒருவர் போதும் என்று சொல்லிவிட்டேன். ஸ்கூல் விட்டதும் நேராக அக்கா வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.