அக்காவின் செம்பு

ஞாயிறு ஆராதனை முடிந்து, எங்கள் ஆலோசனை ஊழியத்தை நடத்திய அக்காவுக்குச் சால்வை போட்டு வழியனுப்பினோம். பாஸ்டர் பேசி முடிப்பதற்குள் பிரியாணி ஆறிப்போனது.

ராயபுரத்துச் சின்ன அறையில் அக்கா எடுத்ததும் வேதாகமத்தைத் திறக்க மாட்டார். தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்து, "சொல்லும்மா" என்பார். அவ்வளவுதான். ஒருமுறை நான் அவசரப்பட்டு ஜெபிக்கத் தொடங்க, மேசைக்கடியில் என் காலை மிதித்தார். வலித்தது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டுப் பெண்கள் எங்களிடம் அதிகம் வருவது அப்போதுதான். கையில் காசில்லாத வீட்டில் சண்டைக்கா பஞ்சம்? இனி நான்தான் உட்கார வேண்டும். சாவியோடு அக்கா கொடுத்த சீட்டில் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். "நம்மால முடியலைன்னா கூச்சப்படாம இங்க அனுப்பு. ராத்திரியும் எடுப்பாங்க."

சரி, செம்பைத் தேய்த்து வைத்துவிட்டேன். செவ்வாய் ஐந்து மணிக்கு முதல் ஆள்.