நகருதான்னு பார்ப்போம்

மூங்கில் கழியிலிருந்து துணிகளை உள்ளே இழுக்கும்போது மகள் கேட்டாள்: "அப்பா, பிக் பேங் உண்மைன்னா பைபிள்ல வர்ற ஆதியாகமம் பொய்யா?"

சிங்கப்பூரின் ஈசூன் வானத்தில் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி. "அதோ வியாழன்" என்று பேச்சை மாற்றினேன்.

அது மெல்ல நகர்ந்து சாங்கி பக்கம் இறங்கியது. விமானம்!

சரி, பிக் பேங் கருத்துக்கு வித்திட்ட லெமைத்ர் கதையைச் சொன்னேன். பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதினார். 1931இல், எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்றார்.

1951இல் போப் 12ஆம் பயஸ் அந்த அறிவியலைக் கடவுளின் படைப்போடு சேர்த்துப் பேசியபோது சங்கடப்பட்டவரும் லெமைத்ர்தான். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்பது அவர் கட்சி. எனக்கு அந்தச் சங்கடம்தான் பிடிக்கும்.

துணியை மடித்துக்கொண்டே மகள் மறுபடி மேலே பார்த்தாள்.

"அப்பா, அது வியாழனா?"

"இரு, நகருதான்னு பார்ப்போம்."