காற்றளவு சென்சாரில் குறைந்த சிக்னல்: மூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் தேடல்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பதினொன்றாவதைத் திரும்பிக்கொண்டிருந்தபோது என் டீசல் காரின் இழுவை சட்டென்று விட்டுப்போனது. அதே நொடியில் மீட்டர் பலகையில் எஞ்சின் விளக்கும் மஞ்சளாக எரியத் தொடங்கியது. இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தும் வண்டி நகர்வதற்கே தயங்கியதால், ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் கிளப்பினேன். இழுவை முழுமையாகத் திரும்பியிருந்தது. விளக்கு மட்டும் அணையவில்லை.

வீடு திரும்பியதும் ஸ்டியரிங்கிற்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில், எஞ்சின் கணினி பதிவுசெய்யும் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததில் ஒரே ஒரு குறியீடு பதிவாகியிருந்தது: பி0102, அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் காற்றளவு சென்சாரின் சுற்றில் சிக்னல் குறைவு. பழுது நேர்ந்த கணத்தின் விவரங்களும் அதனுடன் சேமிக்கப்பட்டிருந்தன. எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 1,900 சுற்று, குளிர்நீரின் வெப்பம் 91 டிகிரி. எஞ்சின் நன்றாகச் சூடாகி, பாரத்தை இழுத்துக்கொண்டு, தன் ரப்பர் தாங்கிகளின் மேல் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்த நேரம் அது என்பதை இந்த எண்கள் சொல்லின. இதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டது பின்னால் மிகவும் உதவியது.

மறுநாள் வழக்கமாகச் செல்லும் பட்டறையில் காட்டியபோது, "சென்சார் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம், எட்டாயிரம் ஆகும்" என்றார்கள். ஒரு வாரம் பொறுத்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன். அவர்கள் சொன்னது தவறாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அளந்து பார்க்காமல் ஒரு பாகத்தை மாற்றுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது சென்சாரைச் சுத்தம் செய்தது மட்டுமே. ஏர் ஃபில்டர் பெட்டியை அடுத்த குழாயிலிருந்து இரண்டு திருகுகளைக் கழற்றி அதை வெளியே எடுத்து, இதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடித்து, விரலோ துணியோ உள்ளே படாமல் காயவிட்டு மாட்டினேன். குறியீட்டை அழித்தேன், நான்காம் நாள் அலுவலகம் செல்லும் வழியில் ஒரு வேகத்தடையின் மேல் ஏறி இறங்கியபோது அது மீண்டும் வந்துவிட்டது. அன்றிரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான், சுத்தம் செய்வதால் இந்தக் குறியீடு தீரும் என்று எதிர்பார்த்ததற்கே அடிப்படை இல்லை என்பது புரிந்தது.

சென்சாருக்குள் இருப்பது மின்சாரத்தால் சூடேற்றப்படும் ஒரு மெல்லிய படலம். அதன் நடுவே சூடாக்கி, இருபுறமும் வெப்பத்தை உணரும் புள்ளிகள். காற்று வரும் பக்கத்துப் புள்ளி குளிர்கிறது, மறுபக்கத்துப் புள்ளி நடுவிலிருந்து வரும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. காபியை எவ்வளவு வேகமாக ஊதுகிறோமோ அவ்வளவு விரைவில் அது ஆறுவதைப்போல, காற்றின் நிறை கூடக்கூட இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடும் கூடுகிறது. அந்த வேறுபாட்டைத்தான் சென்சார் வோல்ட்டாக மாற்றி எஞ்சின் கணினிக்கு அனுப்புகிறது. படலத்தின் மேல் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால் அளவு கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகும். அப்போது பெரும்பாலும் வரும் குறியீடு பி0101, அதாவது அளவு பொருந்தவில்லை என்பது. பி0102 வேறு வகை. என் காரில் இருப்பதைப் போன்ற அனலாக் சென்சார், சாவியைப் போட்டு எஞ்சினைக் கிளப்பாமல் வைத்திருக்கும்போதும், காற்றே ஓடாத நிலையிலும், ஏறத்தாழ 1 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே சிக்னல் பூஜ்யத்தை ஒட்டி விழுகிறது என்றால் காற்று குறைந்துவிட்டது என்று பொருளல்ல. சென்சாருக்கு உயிர் போகிறது, அல்லது அது சொல்வது கணினியைச் சென்றடையவில்லை என்று பொருள். குறியீட்டின் பெயரில் உள்ள 'குறைவு' என்ற சொல்லைக் காற்றோடு சேர்த்துப் படித்துவிட்டு ஏர் ஃபில்டரை மாற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல் மின்சுற்றைப் பற்றியது.

என் காரின் கனெக்டரில் ஐந்து கம்பிகள் உள்ளன: 12 வோல்ட் மின்சாரம், எர்த், கணினி தரும் 5 வோல்ட், காற்றளவு சிக்னல், உள்ளே வரும் காற்றின் வெப்பத்தைச் சொல்லும் சிக்னல். வெப்பமானியும் காற்றளவுப் படலமும் ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இது எனக்குக் கிடைத்த முதல் நல்ல தடயம். கனெக்டர் முழுவதுமாகத் தளர்ந்திருந்தாலோ, எர்த் அறுந்திருந்தாலோ, காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டி அதற்கென ஒரு குறியீடும் சேர்ந்து வந்திருக்கும். அப்படி எதுவும் வரவில்லை. எனவே ஐந்தில் இரண்டை ஒதுக்கிவிட்டு, 12 வோல்ட், 5 வோல்ட், சிக்னல் என்ற மூன்று கம்பிகளிலும் சென்சாரிலும் மட்டும் தேடினால் போதும்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே பானெட்டைத் திறந்துவிட்டேன். கனெக்டரின் பின்பக்க ரப்பர் வழியே மெல்லிய குண்டூசிகளைச் செருகி, சென்சார் மாட்டியபடியே இருக்க ஒவ்வொரு கம்பியையும் மல்டிமீட்டரால் அளந்தேன். சாவி போட்டு, எஞ்சின் ஓடாத நிலையில் சிக்னல் 1.01 வோல்ட், எஞ்சினைக் கிளப்பி ஆக்சிலேட்டரை மிதித்தபோது அது தயங்காமல் ஏறி இறங்கியது. சென்சார் நன்றாகவே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. 5 வோல்ட் கம்பியில் 5.0 இருந்தது. 12 வோல்ட் கம்பியில் 12.0 இருந்தது. எல்லாம் சரி என்று மீட்டரை மடித்து வைக்கப் போனவன், பேட்டரியின் முனைகளையும் ஒருமுறை அளந்தேன். 12.4 வோல்ட்.

அந்த 0.4 வோல்ட் எங்கே போனது என்ற கேள்விதான் மீதிக் கதை முழுவதும். கனெக்டரைக் கழற்றிவிட்டு அதே கம்பியை அளந்தால் 12.4 முழுதாக வருகிறது, மாட்டினால் 12.0 ஆகிறது. மீட்டர் தன் வழியே மின்சாரத்தை ஏறக்குறைய ஓடவிடுவதே இல்லை என்பதால், கழற்றிய நிலையில் பழுதான கம்பியும் நல்ல கம்பியைப்போலவே காட்டும். சென்சார் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்தையும் தொடரில் வைத்து அளந்தேன்: சுமார் 0.1 ஆம்பியர். 0.1 ஆம்பியருக்கு 0.4 வோல்ட் இழப்பு என்றால் வழியில் 4 ஓம் தடை இருக்கிறது. அரை சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரண்டு மீட்டர் செப்புக் கம்பிக்கு 0.07 ஓம்தான் வர வேண்டும். ஃபியூஸ், ரிலேயின் தொடுமுனைகளைச் சேர்த்தாலும் 4 ஓம் என்பது ஏற்கத்தக்க அளவல்ல.

இதை உறுதிப்படுத்த இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து, இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து, கழற்றிய கனெக்டரின் 12 வோல்ட் முனைக்கும் பேட்டரி எர்த்துக்கும் இடையே இணைத்தேன். இந்தச் சோதனையை 12 வோல்ட் கம்பியில் மட்டுமே செய்ய வேண்டும். 5 வோல்ட் கம்பியிலோ சிக்னல் கம்பியிலோ பல்பைக் கொடுத்தால் கணினியின் உட்சுற்று எரிந்துபோகக்கூடும். பல்பு வெள்ளையாக எரிவதற்குப் பதில், கரி அடுப்பின் தணல்போலச் செம்மஞ்சளாகக் கனன்றது. அதன் இரு முனைகளுக்கும் இடையே 7 வோல்ட்தான் இருந்தது. பழுது 12 வோல்ட் கம்பியில்தான் என்பது அப்போது முடிவாகிவிட்டது.

பல்பை எரியவிட்டபடியே, ஃபியூஸ் பெட்டியிலிருந்து தொடங்கி வயர் கட்டை ஒவ்வொரு கையளவாகப் பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டே வந்தேன். முதல் அரை மீட்டரில் எந்த மாற்றமும் இல்லை. பேட்டரி அமர்ந்திருக்கும் தகட்டின் முனை அருகே அந்த வயர் கட்டைப் பெருவிரலால் அழுத்தியபோது பல்பு முழுதாக அணைந்தது. விரலை எடுத்ததும் மீண்டும் கனன்றது. மூன்று முறை அழுத்திப் பார்த்தேன், மூன்று முறையும் அப்படியே. ஒரு வாரமாக மனத்தை அரித்துக்கொண்டிருந்த பழுது விரல் நுனிக்கு வந்துவிட்ட அந்தக் கணத்தின் நிறைவை எழுத்தில் கொண்டுவருவது கடினம்.

துணி டேப்பைப் பிரித்துப் பார்த்தால், தகட்டின் கூர்மையான விளிம்பு உராய்ந்து மூன்று கம்பிகளின் உறையில் பள்ளம் விழுந்திருந்தது. மற்ற இரண்டில் செம்பு வெளியே தெரியவில்லை. 12 வோல்ட் கம்பியில் மட்டும் எள்ளளவு ஓட்டை. அதைச் சுற்றிப் பச்சைப் பொடி. பிளேடால் உறையை நீளவாக்கில் கீறித் திறந்தேன். பல நாள் புளி போட்டுத் தேய்க்காத செப்புக் குடத்தின் அடியில் படிவதைப் போன்ற களிம்பு, இரண்டு சென்டிமீட்டர் நீளத்திற்குக் கம்பியைத் தின்றிருந்தது. இழைகளில் ஒன்றுகூட முழுதாக இல்லை. அறுந்த முனைகள் களிம்பின் ஊடே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்ததால்தான் வண்டி இத்தனை நாள் ஓடியிருக்கிறது. எஞ்சின் பாரத்தில் சாயும்போதும் வேகத்தடையில் குலுங்கும்போதும் அந்தத் தொடுகை விட்டுப்போய், சென்சார் ஒரு கணம் உயிரிழந்து, கணினி பி0102 என்று எழுதியிருக்கிறது. பதினொன்றாம் வளைவில் பதிவான எண்கள் சொன்னதும் இதைத்தான்.

வயர் கட்டைத் தகட்டிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் அங்கே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் பேட்டரி மாற்றியபோது அது மாட்டப்படாமல் விடுபட்டிருக்க வேண்டும். கட்டு விளிம்பின் மேல் சரிந்திருக்கிறது. பேட்டரியின் அமில ஆவியும் மழைநீரும் அந்தச் சிறு ஓட்டை வழியே இறங்கி மற்றதைச் செய்திருக்கின்றன.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, இருபுறமும் செம்பு பளபளவென்று தெரியும் வரை கம்பியை வெட்டினேன். ஒரு பக்கம் உறைக்குள் இன்னும் மூன்று சென்டிமீட்டர் கறுப்பு ஏறியிருந்தது. இடையில் அதே தடிமனுள்ள புதிய கம்பி 8 சென்டிமீட்டர் சேர்த்து, இணைப்புகளை ஈயப் பற்று வைக்காமல் செப்புக் குழல்களால் நசுக்கி, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயை மேலே போட்டுச் சூடேற்றினேன். ஈயம் கம்பியின் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும். ஓயாமல் அதிரும் எஞ்சின் அறையில் விறைப்பு முடியும் இடத்தில் கம்பி மீண்டும் ஒடியும் என்பதால் நான் நசுக்கும் முறையையே விரும்புகிறேன். மற்ற இரண்டு கம்பிகளின் பள்ளங்களுக்கும் டேப் சுற்றி, முழுக் கட்டையும் நெளிவுக் குழாய்க்குள் செலுத்தி, புதிய கிளிப்பால் தகட்டிலிருந்து இரண்டு விரல் இடைவெளியில் நிறுத்தினேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆன செலவு 140 ரூபாய்.

மீண்டும் பல்பைக் கொடுத்தபோது அது கண் கூசும் வெள்ளையில் எரிந்தது. சென்சாரை மாட்டி அளந்தால் பேட்டரியில் 12.4, கனெக்டரிலும் 12.4. மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரி பாசிட்டிவிலும் கனெக்டரின் 12 வோல்ட் முனையிலும் நேரடியாக வைத்து இழப்பை அளந்ததில் 0.02 வோல்ட்.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனரைச் செருகியபடியே மீண்டும் ஏற்காடு சென்றேன். புறப்படும் முன், வெயில் ஏறிய சேலத்தில் எஞ்சின் சூடாகி ஐடிலில் நிற்கும்போது சென்சார் சொல்லும் காற்றின் அளவைக் குறித்தேன். நான்கு சிலிண்டர் கொண்ட 1,400 சி.சி. எஞ்சினின் ஒரு சிலிண்டர் 350 சி.சி. 33 டிகிரி வெப்பத்தில் சேலத்துக் காற்று லிட்டருக்கு 1.12 கிராம் என்று கணக்கிட்டால், முழுதாக நிரம்பிய சிலிண்டரில் 390 மில்லிகிராம் இருக்கும். நடைமுறையில் அதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாக எதிர்பார்க்கலாம். வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு மூடியிருந்தபோது ஸ்கேனர் காட்டியது ஓர் உறிஞ்சலுக்கு 345 மில்லிகிராம். வால்வு திறந்து புகை உள்ளே திரும்பியதும் புதுக்காற்று 200க்கு இறங்கியது. டீசல் எஞ்சினில் இது இயல்பான இறக்கம். இதையும் பழுது என்று எண்ணி அலைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இரண்டு அளவையும் எழுதி வைத்துள்ளேன்.

பதினொன்றாம் வளைவில் வேண்டுமென்றே இரண்டாம் கியரில் முழு ஆக்சிலேட்டரில் ஏறினேன். எண்கள் ஒரு கணமும் அறுபடாமல் ஏறின. மேலே ஏரிக்கரையில் நிறுத்தி, இ.ஜி.ஆர். மூடிய நிலையில் பார்த்தபோது 308 காட்டியது. 1,500 மீட்டர் உயரத்தின் மெலிந்த காற்றுக்கும் அங்கே நிலவிய 25 டிகிரி குளிர்ச்சிக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் சேலத்து அளவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைய வேண்டும். சென்சார் அதைச் சரியாகவே சொன்னது. சேமித்த குறியீடும் இல்லை, நிலுவையில் காத்திருக்கும் குறியீடும் இல்லை. அதன்பின் இந்த ஆறு வாரங்களில் 1,100 கிலோமீட்டர் ஓடிவிட்டது, விளக்கு எரியவில்லை. பேட்டரித் தகட்டின் மறுபக்க விளிம்பிலும் ஒரு வயர் கட்டு உராயும் நிலையில் இருப்பதைப் பார்த்துவிட்டதால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதற்கும் நெளிவுக் குழாய் போட வாங்கி வைத்திருக்கிறேன்.