மறதிக்குப் போனோம், நாடியைப் பிடித்தார்கள்

வீட்டுப் பெரியவர்களை மறதிக்காக டாக்டரிடம் அழைத்துப் போகிறீர்களா? பிரஷர் புத்தகம், பழைய ஈசிஜி, மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நான் போடவில்லை. பிறையிலிருந்து பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போன ஒரு நாள் முழுக்க வீண்.

அம்மாவுக்கு 74 வயது. ரசத்தில் இரண்டு தடவை புளி கரைத்து ஊற்றியபோது சிரித்தோம். கேஸ் அடுப்பை அணைக்காமல் கோயிலுக்குக் கிளம்பிய அன்றுதான் பயம் வந்தது. கடிதம் வாங்கியது, தேதி கிடைத்தது எல்லாம் சுலபம். கவுன்டரில்தான் வினை. பிரஷர் புத்தகம் இல்லாமல் பார்க்க முடியாதாம். "மறதிக்குத்தானே வந்திருக்கோம்?" என்றேன். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டது நியாயம்தான் என்று பிறகு புரிந்தது. தேதி கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

அடுத்த தடவை, நினைவையும் யோசனையையும் அளக்கும் மோகா சோதனையை மலாயில் வைத்தார்கள். அம்மா எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். பசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய், நன்றாகப் பேசுவார்; 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் எங்கே போவார்? போதாக்குறைக்கு மூக்குக்கண்ணாடி வீட்டில். 30-க்கு 15. அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அந்தச் சோதனை தமிழிலும் இருக்கிறது, வாய்விட்டுக் கேளுங்கள். நான் சண்டை பிடித்துத்தான் வாங்கினேன். தமிழ் தெரிந்த மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் இன்னொரு நாள் உட்கார்ந்து செய்ததில் 21. 26 வந்தால்தான் சரி என்று கணக்கு, ஆக மறதி உண்மைதான். ஆனாலும் கடிகாரப் படத்தில் முள்ளைச் சரியாக வரைந்துவிட்டு அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அன்றைக்கு இருந்த இளம் டாக்டர் மணிக்கட்டில் விரல் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. துடிப்பு தாளம் தப்பியது. ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் பாதியிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்தாரே, அதை வயசு என்று தள்ளிவிட்டிருந்தோம். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் படபடத்தால் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வெளியே தெரியாத பொடிப்பொடி அடைப்புகளும் சேர்ந்து நினைவைத் தின்னுமாம். உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளைக்கு 20 விழுக்காடு ஆக்சிஜன் வேண்டும், ரத்த ஓட்டம் கெட்டால் தாங்காது என்றார். போன நினைவு திரும்பாது, இனிப் போவதைத் தள்ளிப்போடப் பார்க்கலாம் என்பதையும் மறைக்கவில்லை.

இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்ட்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டி அனுப்பினார்கள். ராத்திரி குளிக்கப் போன அம்மா ஒயரையெல்லாம் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டார். மறுபடி தேதி, மறுபடி பாலம். மாட்டுவதற்கு முன்பே குளிப்பாட்டி அழைத்துப் போங்கள்.

இப்போது வார்ஃபரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மருந்தின் வேலையைக் குறைக்கும் என்று கீரையை அடியோடு நிறுத்தினேன், அதற்கும் திட்டு வாங்கினேன்: நிறுத்தாதே, வாராவாரம் ஒரே அளவில் கொடு.

நேற்று 2.4. மூன்று மாதத்தில் முதல் தடவையாக எல்லைக்குள். சந்தோஷத்தில் கார்க் கதவைத் திறந்தபோது அம்மா கேட்டார், "புத்தகத்தை எடுத்துக்கிட்டியா?"

கவுன்டரிலேயே விட்டிருந்தேன்.