வார்டு ஜெபமும் என் ஜெபமும்

நான் நர்ஸாக வேலை பார்ப்பது ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், பதினான்கு வருடமாகக் குழந்தைகள் வார்டில். காலை ஏழரைக்கு நைட் டூட்டி ஆட்களும் பகல் டூட்டி ஆட்களும் ஒன்றாக நின்று ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம். அப்புறம்தான் ஹேண்டோவர். ஜெபம் பண்ணுவது பெரும்பாலும் நான்தான். ‘அக்கா, நீங்களே பண்ணிருங்க’ என்று சின்னப் பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்வார்கள். எனக்கு வார்த்தை தடுமாறாது. ‘இந்த வார்டிலே படுத்திருக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே’ என்று தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் ஆமென் வந்துவிடும். கண்ணை மூடியபடியே எந்த பெட்டில் டிரிப் தீரப்போகிறது என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் டெங்குவோடு ஒரு பையன் வந்தான். ஏழு வயது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் அவன் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எங்களுக்கோ அப்போதுதான் பயம் ஆரம்பம். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணுக்கள் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும், 38 ஆயிரத்துக்கு வந்திருந்தது. விஷயம் புரிந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘ஜெபிக்கிறேன்மா, கவலைப்படாதீங்க’ என்றேன். அன்றைக்கே அதை இன்னும் நான்கு பேரிடம் சொல்லியிருப்பேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ‘சாப்பிட்டாச்சா?’ மாதிரி அது ஒரு பேச்சு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுக்கப் போனேன். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். ரத்தக்குழாய் தெரிய அவன் கையில் டூர்னிக்கே பட்டை கட்டும்போது அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: ‘எம்புள்ளைக்காக ஜெபிச்சியளா சிஸ்டர்?’

‘ஜெபிச்சேன்மா.’

கை நடுங்கவில்லை, ஒரே குத்தில் ரத்தம் வந்தது. அதை இன்றைக்கு நினைத்தால்தான் என்னவோ செய்கிறது. முந்தின நாள் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போய், துணி துவைத்து, போனைப் பார்த்தபடியே தூங்கிப்போயிருந்தேன்.

பையன் தேறிவிட்டான். டிஸ்சார்ஜ் அன்று அந்த அம்மா ஒரு சீப்பு பழத்தைக் கையில் கொடுத்து, ‘நீங்க ஜெபிச்சதுதான் சிஸ்டர்’ என்றார். நான் உண்மையைச் சொல்லவில்லை.

என்னிடம் ஒரு சாக்கு தயாராக இருந்தது: பைபிளில் வருகிற நெகேமியா. ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன், நம்மை மாதிரி வேலைக்காரன். ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று அர்தசஷ்டா ராஜா கேட்ட கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில், நின்ற இடத்திலேயே ஜெபம் பண்ணினவன். வேலைக்கு நடுவே அந்த மாதிரி ஒரு வரி போதும், கர்த்தருக்கு நம் டூட்டி நேரம் தெரியாதா என்று ஜூனியர் பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் பழங்கள் மேசையில் இருந்த ராத்திரி நெகேமியா புத்தகத்தை முதல் அதிகாரத்திலிருந்து வாசித்தேன். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடக்கிற செய்தி அவனுக்கு வந்தது கிஸ்லேவ் மாதம். ராஜாவின் முன் நின்றது நிசான் மாதம். இடையில் சுமார் நான்கு மாதம். செய்தியைக் கேட்டதும் உட்கார்ந்து அழுது, உபவாசித்து, இரவும் பகலும் மன்றாடியவன் அவன். அந்த ஒரு வரிக்கு அடியில் அத்தனை இருந்திருக்கிறது. என் ஒரு வரிக்கு அடியில் ஒன்றும் இல்லை.

உடனே நாலு மணி அலாரம் வைத்தேன். அதிகாலை ஜெபம் என்றால் நாலு மணிதான் என்று எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நினைப்பு. மூன்று நாள் எழுந்தேன், நாலாம் நாள் முழங்காலில் இருந்தபடியே கட்டிலில் தலை சாய்த்துத் தூங்கினேன். ஷிஃப்ட் பார்க்கிறவளுக்குக் கடிகார நேரம் ஒத்துவராது. அதனால் நேரத்தை விட்டுவிட்டு வேலையோடு சேர்த்துக் கட்டினேன்: டூட்டி முடிந்தபின், பஸ் ஸ்டாப்புக்குப் போகும் முன், ஆஸ்பத்திரி ஆலயத்தின் கடைசி பெஞ்சில் கால் மணி நேரம். பையில் ஒரு சின்ன நோட்டு. யாரிடமாவது ‘ஜெபிக்கிறேன்’ என்று சொன்னால் பெயரை அதில் எழுதியாக வேண்டும். எழுத முடியாவிட்டால் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. இதில் ஒரு வேடிக்கை, இப்போது அதை ரொம்பக் குறைவாகத்தான் சொல்கிறேன்.

பெஞ்சில் எல்லா நாளும் ஜெபம் வந்துவிடுவதில்லை. சில நாள் கொட்டாவிதான் வருகிறது. ஏழரை மணி ஜெபத்தில் தங்கு தடையில்லாமல் வருகிற வார்த்தைகள் அங்கே தனியாக உட்கார்ந்தால் ஓடிவிடுகின்றன. ‘ஆண்டவரே, ஆறாம் பெட் பாப்பா’ என்பதற்கு மேல் ஒன்றும் ஓடாது. சரி, அதுவே இருக்கட்டும் என்று அந்தப் பாப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் அந்த டெங்குப் பையனின் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். குணமாகி வீட்டுக்குப் போனவனுக்கு இனி என்ன ஜெபிப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்துதான் ஆரம்பிக்கிறேன்.