மூன்று குளிசைக்கும் இறங்காத பிரஷர்

என் கணவருக்கு மூன்று விதமான பிரஷர் குளிசை. அதில் ஒன்று சலம் போகவைக்கிற குளிசை. கருவாடு, ஊறுகாய் எல்லாம் நிறுத்தி, பின்னேரம் உவர்மலைப் பக்கம் நடந்தும் 160/100 அசையவில்லை. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் "குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?" என்றுதான் கேட்பார்கள். புதிதாக வந்த டொக்டர்தான் என் பக்கம் திரும்பி, "ராவில குறட்டை விடுவாரா அம்மா? இடையில மூச்சு நிக்கிறதைக் கண்டிருக்கிறீங்களா?" என்று கேட்டார்.

கண்டிருக்கிறேன். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். நெஞ்சும் வயிறும் அசையும், காற்று மட்டும் உள்ளே போகாது. பிறகு திணறி ஒரு பெருமூச்சு. அதை போனில் எடுத்துக் காட்டினேன். "நான் நல்லாத்தானே நித்திரை கொள்ளுறன்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் அதைப் பார்த்து வாயடைத்துப் போனார். குறட்டை விடுகிறவருக்கு இது பெரும்பாலும் தெரியாது. அதனால் கிளினிக்குக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், பக்கத்தில் படுப்பவர் கூடப் போங்கள்.

இதற்குப் பெயர் ஸ்லீப் அப்னியா. நித்திரையில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. ஒட்சிசன் இறங்க, நரம்புகள் முடுக்கப்பட்டு இரத்தக் குழாய்கள் சுருங்கி பிரஷர் எகிறுகிறது. சாதாரணமாக இரவில் பிரஷர் 10 முதல் 20 வீதம் குறையவேண்டும். 24 மணிநேரக் கருவியைக் கையில் கட்டிப் பார்த்தால், இவருக்கு இறங்கவே இல்லை.

நித்திரைப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு இரவு ரயில் ஏறினோம். தலையில் வயர், நெஞ்சில் பட்டி, மூக்கில் குழாய், விரலில் கிளிப். மணிக்கு 38 தடவை மூச்சு தடைப்பட்டதாம். 30க்கு மேல் போனாலே கடுமை.

சீபாப் மெஷினோடுதான் உண்மையான பாடு. காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும் கருவி அது. மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் தாடியில் ஒட்டாமல், காற்று கசிந்து கண்ணில் அடித்தது. நடுச்சாமத்தில் கழற்றி எறிந்துவிடுவார். தாடியை வழித்து, மூக்குக்கு மட்டும் போடும் மாஸ்க் மாற்றினோம். பின்னேரம் டிவி பார்க்கும்போதே போட்டுப் பழக்கினேன். அப்புறம் மெல்ல வழிக்கு வந்தார். ஒரு இரவுக்கு நாலு மணிநேரமாவது போடவேண்டும். மெஷினில் காற்றை ஈரமாக்கும் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான், பைப் தண்ணீர் ஆகாது. கரண்ட் போனால் முதுகுக்குத் தலையணை கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைப்பேன்.

காலைத் தலையிடி போய்விட்டது. மூதூருக்கு வேலைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் கண் சொக்குவதில்லை, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. பிரஷர் 140/90க்கு வந்திருக்கிறது. மெஷினால் பலருக்கு இரண்டு மூன்று புள்ளிதான் குறையுமாம், இவரைப் போல மருந்துக்கு மசியாதவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறையலாமாம். அதனால் குளிசைகள் தொடர்கின்றன. இப்படியே நின்றால் ஒன்றின் அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.