அந்த ஹார்ட் டிஸ்க்

“குரல் என்னுதுதானே அண்ணா? அதை மட்டும் குடுங்க, பீட் எதுவும் வேணாம்.”

“குரல் உன்னோடதுதான் தம்பி. ரெக்கார்டிங் அவங்களோடது.”

கேட்டவன் ராப் பாடும் பையன்; பதில் சொன்னது, அவன் பாட்டுகளைப் பதிவு செய்த சவுண்ட் இன்ஜினியரான நான். பேசியது இவ்வளவுதான். ஸ்டுடியோ வாசலில் நின்றபடியே பேசினோம். உள்ளே வா என்றுகூட நான் கூப்பிடவில்லை. ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அந்த இரண்டு வரியும் மனசை விட்டுப் போகவில்லை.

சொன்னதில் தப்பில்லை. ஸ்டுடியோ வாடகை, பீட் (பாட்டுக்குப் பின்னணி இசை) போட்டவருக்குப் பணம், என் கூலி எல்லாம் அவனை ஒப்பந்தம் செய்திருந்த பெரிய லேபிளின், அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனியின் செலவு. காசு போட்டுப் பதிவு செய்ய வைத்தவருக்குத்தான் ஒலிப்பதிவின் உரிமை என்கிறது சட்டம். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு பாட்டு எழுதியவரின் ராயல்டி பங்கை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது, உண்மைதான். ஆனால் வெளியே வராத பாட்டுக்கு ஏது ராயல்டி? அவன் பாடிய எட்டுப் பாட்டில் ஒன்றைக்கூட லேபிள் வெளியிடவில்லை. அந்தக் கோபத்தில்தான் அவன் லேபிளை விட்டு வெளியே வந்தான்.

டீ குடிக்கும்போதெல்லாம் அமெரிக்க ராப்பர் நிப்ஸி ஹஸல் பற்றித்தான் பேசுவான். எபிக் லேபிளை விட்டு வந்தவர், 2013இல் ‘கிரென்ஷா’ மிக்ஸ்டேப்பை (ராப்பர்கள் தாங்களே வெளியிடும் பாட்டுத் தொகுப்பு) இணையத்தில் இலவசமாக விட்டுவிட்டு, அதையே 1000 சிடி மட்டும் போட்டு ஒன்று 100 டாலருக்கு விற்றார். இன்னொரு பெரிய ராப்பர் ஜே-ஸி மட்டும் 100 வாங்கினார். “மாஸ்டர் நம்ம கையில இருக்கணும்ணா” என்று சொல்லும்போது அவன் முகமே மாறிவிடும். எங்கள் எட்டுப் பாட்டின் மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவு, யார் கையில் என்று அப்போதே நான் அவனிடம் கேட்டிருக்கலாம்.

சரி, சட்டத்தை விடுவோம். அன்றைக்கு லேபிளிடமிருந்து எனக்கு இரண்டு பாட்டின் மிக்ஸ் (குரலையும் பீட்டையும் சேர்த்துச் சரிசெய்யும் வேலை) பணம் இன்னும் வர வேண்டியிருந்தது. அந்த நினைப்பு இல்லாமலிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன் என்று பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லியிருப்பேன்தான். ஆனால் வாசலிலேயே நிறுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். “லேபிளுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுப் பார்க்கிறேன்” என்றாவது சொல்லியிருப்பேன். அந்த மெயிலை இன்றுவரை நான் போடவில்லை.

அவன் புது பீட்டில், புது வரிகளோடு, வீட்டில் கம்பளியைத் தொங்கவிட்டு எல்லாவற்றையும் தானே பதிவு செய்தான். மிக்ஸ்டேப் வந்த அன்று லிங்க்கை மட்டும் எனக்கு அனுப்பினான், ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பழைய வரிகளில் ஒன்றே ஒன்றை வைத்திருந்தான், அவன் அப்பாவைப் பற்றிய வரி. ஸ்டுடியோவில் அதற்கு பதினான்கு டேக் போனது, அதாவது பதினான்கு தடவை பாடிப் பதிவு செய்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு எடுத்த கடைசி டேக்கில், “அப்பா” என்ற சொல்லுக்கு முன்னால் அவன் மூச்சு ஒரு நொடி தடுக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நான் அடுத்த டேக் கேட்கவில்லை. மிக்ஸ் செய்யும்போதும் அந்த மூச்சை வெட்டவில்லை. மிக்ஸ்டேப்பில் அதே வரி தடுக்காமல் போகிறது, சுத்தமாக இருக்கிறது. கேட்டவர்கள் எல்லோரும் நல்லா இருக்கு என்கிறார்கள். எனக்குத்தான் அந்த மூச்சு தேவைப்படுகிறதோ என்னவோ.

நாளைக்கு வேறொருவர் வந்து கேட்டாலும் நான் கொடுக்க மாட்டேன். ஆனால் இப்போது எந்த ராப்பர் வந்தாலும், அன்றைய டேக்கை வீட்டுக்குப் போகும் முன்பே அவர் போனில் ஏற்றிவிடுகிறேன். அதுவும் ஒப்பந்தப்படி சரியில்லை, தெரிந்துதான் செய்கிறேன்.

லேபிளிலிருந்து இதுவரை யாரும் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வரவில்லை. போன வாரம் பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றினேன். அவன் ஃபோல்டர் வந்தபோது கை கொஞ்சம் நின்றது. அப்புறம் அதையும் மாற்றி, வெள்ளை டேப் ஒட்டி, அவன் பெயரை எழுதி வைத்தேன்.